13 வயதுப் பெட்டைக் குதிரைக்கு ஸ்கேன் எந்தெந்த நாளில், எதைப் பார்க்க?

கேள்வி இது: 13 வயதுத் தரோபிரெட் (பந்தய இனம்) பெட்டை, முன்பு மூன்று குட்டி ஈன்றது. போன சீசனில் மூன்று பருவத்திலும் பொலிக்குதிரையிடம் சேர்த்தும், மூன்று முறையும் 16ஆம் நாள் ஸ்கேனில் காலி. பருவம் ஒழுங்காக வருகிறது, டீசர் குதிரையை (பருவம் அறிய எதிரே நிறுத்தும் ஆண் குதிரை) கண்டால் வாலைத் தூக்கி நிற்கிறது. இந்த முறை பருவம் முழுக்க ஸ்கேன் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அது தேவையா, அதில் என்ன தெரியும்?

தேவைதான். மாதம் முழுக்க வேண்டாம். 21 நாள் சுழற்சியில் ஆறேழு முறை போதும். போன சீசனில் எடுத்த மூன்று ஸ்கேனும் முடிவை மட்டும் சொன்னவை. ஏன் காலி என்பது, சேர்ப்பதற்கு முந்தைய நான்கு நாளிலும் சேர்த்த பின் இரண்டு நாளிலும் கருப்பைக்குள் நடந்து முடிந்துவிட்டது. பருவம் ஒழுங்காக வருகிறது என்றால் முட்டை வந்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். வயதும் மூன்று ஈற்றும் சேரும்போது சந்தேகம் முதலில் போகவேண்டியது, சேர்ப்புக்குப் பிறகு கருப்பையில் தேங்கும் நீரின் மேல். அப்படிப்பட்ட பெட்டைக்கு ஸ்கேனால் கிடைக்கும் பெரிய நன்மை, ஒரு பருவத்தில் ஒரே ஒரு சேர்ப்போடு வேலையை முடிக்க முடிவது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்டே போகும் பழைய வழக்கம் இளம் பெட்டைக்குத் தாங்கும், இதற்குத் தாங்காது.

முதலில் கருவியும் கையும். மலக்குடல் வழியாகப் பார்க்க லீனியர் புரோப் (ஸ்கேன் கருவியின் நேரான உணர்முனை) வேண்டும், 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிர்வெண் கூடக்கூடப் படம் கூர்மையாகும், ஆழம் குறையும். சினைப்பைக்கும் ஆரம்பச் சினைக்கும் 7.5, கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடிக்கு 5 என்பது நடைமுறை. மாட்டுக்கு வைத்திருக்கும் மலக்குடல் புரோப் இதற்கும் சரியாக வரும். மனிதருக்கு வயிற்றின் மேல் வைக்கும் வளைந்த புரோப் இங்கே ஆகாது. ஆழம் 8 முதல் 10 செ.மீ. வைத்தால் கருப்பைக் கொம்பும் (கருப்பையின் இரு கிளைகளில் ஒன்று) சினைப்பையும் திரையை நிறைக்கும். கெய்னை (திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு), ஃபாலிக்கிள் என்ற சினைப்பை நீர்ப்பைக்குள் இருக்கும் நீர் கன்னங்கரேல் என்று வரும் வரை குறைக்க வேண்டும். கெய்ன் கூடுதலாக இருந்தால் தெளிந்த நீரும் மேகம் போலத் தெரியும். சீழ் என்று எண்ணித் தேவையில்லாத மருந்து தொடங்கிவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. மாட்டில் பழகிய கை குதிரைக்குள் போகும்போதுதான் ஆபத்து அதிகம். மாட்டின் மலக்குடல் பொறுத்துக்கொள்ளும் இழுப்பைக் குதிரையின் மலக்குடல் பொறுக்காது. குடல் சுருங்கும்போது எதிர்த்துத் தள்ளினால் கிழியும்; கிழிசல் ஆழமாகிச் சாணம் வயிற்றறைக்குள் போனால் உயிர் பிழைப்பது அரிது. எனவே பெட்டையை டிரெவிஸில் (அசையாமல் நிறுத்தும் சட்டம்) நிறுத்தி, வாலைச் சுற்றிக் கட்டி ஒரு பக்கம் பிடித்து, லத்தியை முழுவதுமாக எடுத்த பிறகே புரோப் உள்ளே போகவேண்டும். ஜெல்லில் கஞ்சத்தனம் கூடாது. முக்கிக்கொண்டே இருக்கும் பெட்டைக்கு 2 சதவீத லிடோகெயின் 50 முதல் 60 மி.லி. மலக்குடலுக்குள் விடலாம், அல்லது ஹையோசின் சிரைவழி கொடுக்கலாம். அடங்காததற்குச் சைலசின், டெட்டோமிடின் போன்ற மயக்க மருந்து. சுருக்கம் வரும்போது கையைத் தளர்த்திப் பின்னால் வரவிடவேண்டும். கையுறையில் புது ரத்தம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மயக்கம் கொடுத்து, கிழிசல் எவ்வளவு ஆழம் என்று விரலால் மெல்லப் பார்க்கவேண்டும். உரிமையாளரிடம் உடனே சொல்லவும் வேண்டும். “சும்மா கீறல்தான்” என்று லாயத்துக்கு அனுப்பி, மறுநாள் வயிற்றுவலியில் கண்டுபிடித்தால் கை மீறிப் போயிருக்கும்.

பார்க்கும் வரிசையை ஒருபோதும் மாற்றக்கூடாது: கருப்பை வாய், கருப்பை உடல், இடக் கொம்பு, இடச் சினைப்பை, அதே வழியே திரும்பி வலக் கொம்பு, வலச் சினைப்பை, மீண்டும் உடல் வழியே வாய் வரை. இடையில் எதையாவது கண்டு அங்கேயே நின்றுவிட்டு மறுபக்கம் பார்க்காமல் கையை எடுப்பதால்தான் இரட்டைச் சினை கண்ணில் படாமல் தவறுகிறது.

இனி பருவத்தின் திரை. ஃபாலிக்கிள் என்பது முட்டையைத் தாங்கிய நீர்ப்பை. திரையில் கறுப்பு வட்டம். பருவத்துக்கு முன் பல வட்டங்கள் ஒன்றாக வளரும். ஏறத்தாழ 22, 23 மி.மீ. அளவில் ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை சுருங்கும். முந்தியது நாளுக்கு 3 மி.மீ. வளர்ந்து, பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ.க்குள் வெடித்து முட்டையை விடும். ஆனால் அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 33இல் வெடிக்கும் பெட்டையும் உண்டு, 50ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரே பெட்டை ஒவ்வொரு பருவத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வெடிப்பதால் போன சீசன் குறிப்பேடு மதிப்புள்ளது.

அளவோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது கருப்பையின் உள்சுவர். ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது உள்மடிப்புகள் நீர் கோத்து வீங்கும். கொம்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், குறுக்கே அரிந்த ஆரஞ்சுத் துண்டு போலக் கறுப்பும் சாம்பலுமாகச் சுளை சுளையாகத் தெரியும். இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது வழக்கம்: 0 என்றால் வீக்கமே இல்லை, 3, 4 நல்ல பருவம், 5 இயல்பு மீறிய வீக்கம். முட்டை வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு வீக்கம் உச்சிக்குப் போய், வெடிக்கும் நேரத்தில் இறங்கத் தொடங்கும். நேற்று 3, இன்று 2, ஃபாலிக்கிள் மிருதுவாகி வட்டம் கோணி பேரிக்காய் போல ஒரு பக்கம் கூர்ந்தால் அடுத்த ஒரு நாளுக்குள் எதிர்பார்க்கலாம். முட்டை வந்து ஒருநாள் ஆன பிறகும் வீக்கம் 3இல் நின்றால் அது பருவம் இல்லை, அழற்சி.

ஒரு நல்ல பருவத்தின் பதிவு ஏறத்தாழ இப்படி இருக்கும். திங்கள்: இடது 27 மி.மீ., வீக்கம் 1. புதன்: இடது 33, வலது 19, வீக்கம் 3, நீர் இல்லை. வியாழன் காலை 10 மணி: இடது 36, வீக்கம் 3, கருப்பை வாய் தளர்ந்து கிடக்கிறது, எச்சிஜி (ஃபாலிக்கிளை வெடிக்க வைக்கும் ஹார்மோன் ஊசி) போடப்பட்டது. வெள்ளி காலை: சேர்ப்பு. சனி காலை: இடது ஃபாலிக்கிள் காணோம், அந்த இடத்தில் வெளுத்த சாம்பல் திட்டு, வீக்கம் 1, கருப்பையில் நீர் இல்லை. ஐந்து வரி, ஒரே சேர்ப்பு.

எச்சிஜி 1,500 முதல் 2,500 யூனிட், சிரைவழி. ஃபாலிக்கிள் 35 மி.மீ.க்கு மேல், வீக்கமும் தெளிவாக இருக்கும்போது போட்டால் பெரும்பாலானவை 36 முதல் 48 மணி நேரத்தில் வெடிக்கும். ஒரே சீசனில் திரும்பத் திரும்பப் போட்டால் சில பெட்டைகளில் எதிர்ப்பொருள் உண்டாகி வேலை செய்யாமல் போகும். அப்போது டெஸ்லோரெலின் ஊசிக்கு மாறுவார்கள். மருந்து சரியில்லை என்று பழி வரும்போது உண்மையில் நடந்தது பெரும்பாலும் வேறு: 30 மி.மீ.யில் அவசரப்பட்டுப் போட்டிருப்பார்கள், அல்லது கரைத்த குப்பி வெயிலில் கிடந்திருக்கும், அல்லது சீசன் தொடக்கத்து இடைக்காலப் பெட்டையாக இருக்கும்.

அந்த இடைக்காலம் தனியாகச் சொல்லவேண்டியது. குதிரை நீண்ட பகலில் இனம் பெருக்கும் விலங்கு. வடக்கே குளிர்காலத்தில் சினைப்பை உறங்கும். விழித்தெழும் வாரங்களில் 20 முதல் 30 மி.மீ. வரை பல ஃபாலிக்கிள் வந்து போகும், பெட்டை டீசருக்கு நாள்கணக்கில் வாலைத் தூக்கும், ஒன்றும் வெடிக்காது. பந்தயக் குதிரைக்கு ஜனவரி 1 பொதுப் பிறந்தநாள் என்பதால் எல்லாருக்கும் பிப்ரவரியிலேயே சினை வேண்டும். அதனால்தான் அமெரிக்காவின் கென்டக்கியில் டிசம்பர் தொடக்கம் முதலே லாயத்தில் விளக்கு போட்டு மொத்தம் 16 மணி நேர வெளிச்சம் தருகிறார்கள். பலன் வர ஏறத்தாழ 60 நாள் ஆகும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த உறக்கம் மங்கும். எங்கே இருந்தாலும் ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கார்பஸ் லூட்டியம் (ஃபாலிக்கிள் வெடித்த இடத்தில் உருவாகி ஹார்மோன் சுரக்கும் திசு) ஒன்றுகூட இல்லாமல், வீக்கமும் இல்லாமல் நடுத்தர ஃபாலிக்கிள்கள் மட்டும் இருந்தால் அது இடைக்காலம். அந்த நேரத்தில் சேர்ப்பது பொலிக்குதிரையின் உழைப்பையும் பெட்டையின் கருப்பையையும் வீணாக்குவது.

முட்டை வந்ததைக் கண்ணால் உறுதி செய்வதை விடக்கூடாது. சேர்த்த 24 மணி நேரம் கழித்தும், இல்லையென்றால் 48 மணியிலும் பார்க்கவேண்டும். 48 மணியாகியும் வெடிக்கவில்லை என்றால்தான் இரண்டாவது சேர்ப்பு. இயற்கைச் சேர்ப்பில் விந்தணு இரண்டு மூன்று நாள் உயிரோடிருக்கும், முட்டையோ 12 மணி நேரம் தாங்கினால் பெரிது. எனவே விந்தணு முன்னால் போய்க் காத்திருக்கவேண்டும். சிலசமயம் ஃபாலிக்கிள் வெடிக்காமல் உள்ளேயே ரத்தம் கசியும். கறுப்பு நீரில் மணல் தூவியது போலப் புள்ளிகள் மிதக்கும், பிறகு சிலந்திவலை போல இழைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், 60, 70 மி.மீ.க்கு மேலும் பெருக்கும். வயதான பெட்டைகளில் கூடுதல், வந்த பெட்டைக்கே மறுபடி வரும். அதிலிருந்து முட்டை வராது. அந்தப் பருவத்தை விட்டுவிட்டு, சுவர் கெட்டியான பின் புரோஸ்டாகிளாண்டின் (கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்து அடுத்த பருவத்தை வரவழைக்கும் மருந்து) கொடுத்து அடுத்ததைப் பிடிப்பதே வழி.

புரோஸ்டாகிளாண்டின் பற்றி ஒரு இடைக்குறிப்பு. டினோபிராஸ்ட் 5 முதல் 10 மி.கி., அல்லது குளோபிராஸ்டினால் 250 மைக்ரோகிராம், தசைவழி. முட்டை வந்து ஐந்து நாளுக்குள் போட்டால் ஒரே ஊசியில் கார்பஸ் லூட்டியம் கரையாது. போட்ட பின் பெட்டை அடுத்த பருவத்துக்கு எத்தனை நாளில் வரும் என்பதை ஊசி போட்ட நாளில் இருக்கும் ஃபாலிக்கிளின் அளவுதான் தீர்மானிக்கும்: 35 மி.மீ. இருந்தால் இரண்டு மூன்று நாளில் வெடித்துவிடும், 15 இருந்தால் பத்து நாள் ஆகலாம். ஸ்கேன் பார்க்காமல் ஊசி போட்டு “ஐந்தாம் நாள் கொண்டுவாருங்கள்” என்பவர்கள் பருவத்தையே தவறவிடுவது இதனால். டினோபிராஸ்ட் போட்ட அரை மணி வியர்வையும் லேசான வயிற்றுவலியும் வரும், தானே அடங்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே ஏறும்.

இனி உங்கள் பெட்டையின் விஷயம், நீர். விந்து உள்ளே போனதும் கருப்பை அழற்சி காட்டுவது நோய் ஆகாது. செத்த விந்தணுவையும் அழுக்கையும் வெளியேற்ற இயற்கை வைத்த வழி அது. நல்ல பெட்டை அதைச் சுருங்கிச் சுருங்கி ஒன்றரை, இரண்டு நாளுக்குள் வெளியே தள்ளிவிடும். பல ஈற்றுக்குப் பிறகு கருப்பை தளர்ந்து இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி முன்பக்கமாகத் தாழ்ந்து தொங்கினால் தண்ணீர் மேட்டை ஏறவேண்டியிருக்கும். முட்டை வந்ததும் கருப்பை வாய் மூடிவிடும். நீர் உள்ளேயே தங்கும். கரு ஐந்தரை, ஆறாம் நாள் கருப்பாதையிலிருந்து (சினைப்பையைக் கருப்பையோடு இணைக்கும் குழாய்) இறங்கும்போது அதற்குக் கிடைப்பது ஒரு குட்டை. 16ஆம் நாள் “காலி” என்று வருவது அங்கே தீர்மானமாகிறது.

திரையில் நீரை ஆழம், நிறம் இரண்டாலும் குறிக்கவேண்டும். கொம்பில் அரை செ.மீ. கறுப்பு நீர் பருவத்தில் பொருட்படுத்தவேண்டியதில்லை. சேர்ப்புக்கு முன்பே 2 செ.மீ. ஆழம் இருந்தால் அது பாதிக்கப்படக்கூடிய பெட்டை. சாம்பலாகவோ பால் போலவோ புள்ளி மிதந்தால், ஆழம் குறைவாக இருந்தாலும் பெரிது. வெள்ளைப் பொட்டுகள் மினுங்கினால் காற்று. சேர்த்த மறுநாள் அது இயல்பு, மற்ற நாளில் இருந்தால் யோனி வாயைத் திரும்பிப் பார்க்கவேண்டும். ஆசனவாய் உள்ளிழுத்து யோனியிதழ் சரிந்து கிடக்கும் மெலிந்த முதிய பெட்டைகளில் நடக்கும்போதே காற்றும் சாணத்துகளும் உள்ளே போகும். அதற்கு மருந்து பயனில்லை, மேல்பாதி இதழைத் தைத்து மூடும் காஸ்லிக் தையல்தான்.

நடைமுறை இது. சேர்த்து நான்கு மணி நேரத்துக்குள் தேவையான விந்தணு கருப்பாதைக்கு ஏறியிருக்கும். அதன் பிறகு கருப்பையைக் கழுவுவதால் சினைக்கு இழப்பில்லை. எனவே சேர்த்த நான்கு முதல் எட்டு மணிக்குள் ஸ்கேன். 2 செ.மீ.க்கு மேல் நீர் இருந்தால் பலூன் உள்ள பெரிய கதீட்டரைக் கருப்பை வாயில் வைத்து, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய ரிங்கர் லாக்டேட் ஒரு லிட்டர் விட்டு, வாளியைத் தாழ்த்தி வடிக்கவேண்டும். வந்த நீரைக் கண்ணாடிக் குடுவையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: முதல் லிட்டர் கலங்கலாக, நூல் நூலாகச் சளியோடு வரும். தெளிந்து வரும் வரை இரண்டு மூன்று முறை. விட்டது ஒரு லிட்டர், வந்தது 700 மி.லி. என்றால் மீதி உள்ளே இருக்கிறது. ஸ்கேனில் இடம் பார்த்து மலக்குடல் வழியாகத் தூக்கிப் பிசைந்து எடுக்கவேண்டும். பிறகு கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 முதல் 20 யூனிட், தசைவழி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மறுநாள் ஸ்கேன் வரை. அளவைக் கூட்டினால் கருப்பை அலை அலையாகச் சுருங்காமல் ஒரேயடியாக இறுகும், நீர் நகராது. ஊசி போட்டபின் கொட்டடியில் நிறுத்தாமல் நடத்திவிட்டால் வடிவது எளிது. குளோபிராஸ்டினாலும் கருப்பையைச் சுருக்கும், ஆனால் முட்டை வந்த பிறகு கொடுத்தால் புதிதாக உருவாகும் கார்பஸ் லூட்டியம் பலவீனமாகும்.

மூன்று முறை காலியான பெட்டைக்குச் சீசன் தொடங்கும் முன்பே பருவத்தில் கருப்பைச் சுவரிலிருந்து கிருமி வளர்ப்புக்கும் செல் பரிசோதனைக்கும் மாதிரி எடுக்கவேண்டும். ஸ்கேனில் நீர் இல்லை என்பதாலேயே கிருமி இல்லை என்று ஆகாது, ஈ. கோலை இருந்தும் கறுப்புப் பொட்டுகூடத் தெரியாத கருப்பைகள் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெரும்பாலும் நீரோடு வரும். கூடவே திசு மாதிரியும் எடுத்தால் கென்னி-டோய்க் தரவரிசை கிடைக்கும்: முதல் தரப் பெட்டை குட்டி ஈனும் வாய்ப்பு 80 முதல் 90 சதவீதம், மூன்றாம் தரம் 10 சதவீதத்துக்கும் கீழே. இன்னொரு சீசன் செலவு செய்வதா என்பதைக் கடைசியில் முடிவு செய்யவேண்டியது இந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

கருப்பைச் சிஸ்ட்களையும் (நீர்க்கட்டிகள்) அப்போதே வரைந்து வைத்துவிடவேண்டும்: எந்தக் கொம்பு, வாயிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மி.மீ. 13 வயதில் ஒன்றிரண்டு இருக்கவே செய்யும். 15ஆம் நாள் திரையில் வரும் கறுப்பு வட்டம் சினையா சிஸ்டா என்று குழம்பும்போது இந்தப் படம்தான் காப்பாற்றும். படம் இல்லையென்றால் மறுநாள் மீண்டும் பார்க்கவேண்டியதுதான். சினை வளரும், இடம் மாறும்; சிஸ்ட் இரண்டும் செய்யாது.

சினை பார்க்கும் நாளை நீங்கள் 16 என்று வைத்திருந்தீர்கள். முட்டை வந்த நாளிலிருந்து எண்ணி 14 ஆக்குங்கள். சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு நாள் பிசகும், அந்த இரண்டு நாளில்தான் இரட்டைக்கான நேரம் கைவிட்டுப் போகும். 1980இல் பிரான்ஸில் ஆய்வாளர்கள் பால்மரும் டிரியான்கூரும் பெட்டைக் குதிரையில் ஸ்கேனைப் பயன்படுத்திக் காட்டும் முன்பு, கையால் தடவிப் பார்ப்பதே வழி. மூன்றாம் வாரத்துக்கு முன் உறுதி சொல்லமுடியாது, இரட்டையைப் பிரித்துணர்வதும் கடினம்.

14ஆம் நாள் கருக்குமிழ் 15 முதல் 18 மி.மீ., கச்சிதமான வட்டம், மேலும் கீழும் ஒவ்வொரு சிறு வெள்ளைக் கோடு. இந்த நாள்களில் அது கருப்பைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர் கின்தரின் குழு இதை விரிவாகப் பதிவு செய்தது. ஐந்து நிமிடம் முன்பு இடக் கொம்பு நுனியில் இருந்தது இப்போது உடலில் இருக்கும். கருப்பை முழுக்க அது சுற்றி வருவதுதான் தாய்க்கு “நான் இருக்கிறேன்” என்று தெரிவிக்கும் வழி. அதைக் கேட்டால்தான் கார்பஸ் லூட்டியம் கரையாமல் நிற்கும். 16ஆம் நாள் ஏதோ ஒரு கொம்பின் அடியில் ஓட்டம் நின்று ஒட்டிக்கொள்ளும்.

இரட்டைக்கு இதுதான் கெடு. தரோபிரெட்டில் இரண்டு முட்டை வருவது அடிக்கடி நடக்கும். குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவர் முழுவதையும் கேட்பது; இரண்டு குட்டி பங்கு போட்டால் பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்கு மேல் இரண்டும் விழும். ஓட்டம் நிற்கும் முன்பு இரண்டும் தனித்தனியே இருக்கும்போது, சிறியதைப் புரோப்பின் விளிம்பாலும் விரலாலும் மெல்லத் தள்ளிக் கொம்பு நுனிக்குக் கொண்டுபோய், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அழுத்தவேண்டும். ஒரு சிறு ‘பொட்’ கையில் தெரியும். திரையில் கறுப்பு வட்டம் மறைந்து மெல்லிய நீர்க்கோடு பரவும். மற்றது பிழைப்பது பத்தில் ஒன்பது முறை. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரப்படவேண்டாம், அரை மணி நடத்திவிட்டுத் திரும்பப் பார்த்தால் பிரிந்திருக்கும். 16க்குப் பிறகு இரண்டும் ஒரே கொம்பில் பதிந்துவிட்டால் தொடாமல் 30ஆம் நாள் வரை விடுவதே நல்லது, பெரும்பாலும் ஒன்று தானே கரையும். ஆளுக்கொரு கொம்பில் பதிந்தால் தானே குறையாது. அப்போதும் ஒன்றை நசுக்கமுடியும். இரண்டு கார்பஸ் லூட்டியம் பார்த்த பெட்டையில் ஒரு குமிழ் மட்டும் தெரிந்தால் நிம்மதிப்படக்கூடாது. இரண்டாவது முட்டை இரண்டு நாள் தாமதமாக வந்திருந்தால் அதன் குமிழ் இன்று 9 மி.மீ.தான், 16ஆம் நாள் மறுபடி பார்க்கவேண்டும்.

அடுத்தது 25 முதல் 28க்குள். 18ஆம் நாளுக்குப் பிறகு வட்டம் கெட்டு முக்கோணமாகும், அளவும் சில நாள் அப்படியே நிற்கும், பயப்படவேண்டாம். 21ஆம் நாள் அடியில் ஒரு வெள்ளைத் துணுக்காகக் கரு தெரியும், 24, 25இல் அதற்குள் இதயம் மினுக்மினுக் என்று துடிக்கும். 30ஆம் நாள் கரு குமிழின் நடுவில், 40ஆம் நாள் கூரைக்கு ஏறியிருக்கும். நாளுக்குத் தக்க வளர்ச்சி இல்லாமை, துடிப்பு இல்லாமை, நீரில் புள்ளி மிதப்பது, சினைக் கருப்பையில் மீண்டும் ஆரஞ்சுச் சுளை, இவையெல்லாம் கரு போகிறது என்பதன் முன்னறிவிப்பு.

35ஆம் நாளுக்கு முன்பு ஒரு பார்வை கட்டாயம். ஏறத்தாழ 36ஆம் நாள் எண்டோமெட்ரியல் கோப்பைகள் (கருவின் உறையிலிருந்து வந்து கருப்பைச் சுவரில் பதியும் சுரப்புத் திசு) உருவாகும். அவை சுரக்கும் ஹார்மோன் 100 முதல் 120ஆம் நாள் வரை இருக்கும், கரு செத்துப்போனாலும் இருக்கும். அந்தக் காலத்தில் பெட்டையைப் பயன்தரும் பருவத்துக்குத் திருப்ப முடிவதில்லை. சீசன் போனது போனதுதான். இரட்டையைப் பற்றியோ வளராத கருவைப் பற்றியோ முடிவெடுப்பதானால் 35க்குள்.

ஆணா பெண்ணா என்று பார்க்க 60 முதல் 70ஆம் நாள் ஏற்றது: பாலுறுப்பு மொட்டு தொப்புள்கொடி ஓரம் என்றால் ஆண், வாலோரம் என்றால் பெண். விற்பனைக்குத் தவிர வேறு பயன் இல்லை.

உறைவிந்து பற்றியும் கேட்பார்கள். தரோபிரெட் பதிவேட்டில் இயற்கைச் சேர்ப்பு மட்டுமே செல்லும், எனவே உங்களுக்குப் பொருந்தாது. மார்வாரி, வார்ம்பிளட் போன்ற வேறு இனக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு: உறைவிந்தின் ஆயுள் 12 மணி நேரம் அளவே என்பதால், எச்சிஜி போட்டு 24 மணிக்குப் பிறகு ஆறு மணிக்கொரு ஸ்கேன் வைத்து முட்டை வந்த ஆறு மணிக்குள் ஒரு டோஸ், அல்லது 24ஆம் 40ஆம் மணிகளில் இரண்டு டோஸ். டோஸ் ஒன்று என்றால் இரவுத் தூக்கம் கிடையாது.

சினை நின்றுவிட்டால் இந்தப் பெட்டையை எட்டாம் மாதம் முதல் மாதம் ஒருமுறை மறுபடி மலக்குடல் வழி பார்க்கவேண்டும். கருப்பை வாய் வழியே ஏறும் கிருமி நஞ்சுக்கொடியைத் தாக்குவது இந்த வகைப் பெட்டைகளில்தான் கூடுதல். அளக்கவேண்டியது கருப்பைச் சுவரும் நஞ்சுக்கொடியும் சேர்ந்த தடிப்பு, வாய்க்கு 2, 3 செ.மீ. முன்னால், அடிப்பக்கத்தில். மேல்பக்கம் இயல்பாகவே நீர் கோத்துத் தடித்திருக்கும். அங்கே அளந்தால் வீணாகப் பயப்படுவோம். 271 முதல் 300ஆம் நாள் வரை 8 மி.மீ.க்குள், 330 வரை 10க்குள், அதன் பிறகு 12க்குள் இருக்கவேண்டும். மூன்று இடத்தில் அளந்து சராசரி போடுங்கள். குட்டி புரோப்பை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அளவு குறைத்துக் காட்டும், அது நகரும் வரை காத்திருக்கவேண்டும். 310ஆம் நாளில் 13 மி.மீ. வந்து, மடியும் முன்கூட்டியே இறங்கியிருந்தால் மறு அளவுக்கு ஒரு வாரம் காத்திருக்காமல் அன்று மாலையே ட்ரைமெத்தோபிரிம்-சல்ஃபாவும் (கிருமிக்கொல்லி) ஆல்ட்ரெனோஜெஸ்டும் (சினையைத் தாங்கும் ஹார்மோன் மருந்து) தொடங்கவேண்டும்.